தீர்மானிக்கும் இடத்திலேயே விழும் அடி

மேசைமேல் நான்கு சீட்டுக்கட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட வருபவருக்கு 2,000 டாலர் விளையாட்டுப் பணம் கடனாகத் தரப்படுகிறது. எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கலாம்; மொத்தம் 100 சீட்டு. முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு. மற்ற இரண்டிலும் 50 டாலர்தான். இடையிடையே அபராதச் சீட்டும் வரும். 100 டாலர் கட்டுகளில் பத்துச் சீட்டுக்குள் 1,250 டாலர் அபராதமாகப் போய்விடும். 50 டாலர் கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு 250 டாலர்தான் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், வரவு அதிகம் தரும் கட்டுகள் ஆளை ஓட்டாண்டியாக்கும். வரவு குறைந்த கட்டுகள் மெல்ல மெல்லக் காசு சேர்க்கும். இந்தக் கணக்கை ஆடுபவரிடம் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டோயின் பெக்காரா, அன்டோனியோ டமாசியோ குழுவினர் 1994இல் வெளியிட்ட சோதனை இது. அவர்கள் முன் ஒரு புதிர் இருந்தது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்குச் சற்று மேலே இருக்கும் மூளைப் பகுதி கட்டியாலோ காயத்தாலோ சேதமடைந்த சிலர், பேச்சிலும் கணக்கிலும் ஞாபகத்திலும் குறையே இல்லாமல் இருந்தார்கள். அறிவுத்திறன் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். வாழ்க்கை மட்டும் சரிந்துகொண்டே போனது. நம்பத்தகாத ஆளோடு கூட்டு வியாபாரம், நிலைக்காத வேலை, முறிந்த திருமணம். வழக்கமான தேர்வுகளில் பிடிபடாத இந்தக் குறை சீட்டாட்டத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மூளையில் சேதம் இல்லாதவர்கள் முதலில் 100 டாலர் கட்டுகளில் மயங்குவார்கள். சில முறை அடி வாங்கியதும் மற்ற கட்டுகளுக்கு நகர்ந்துவிடுவார்கள். 1997இல் அதே குழு, ஆடுபவர்களின் கையில் மின்முனை ஒட்டித் தோலில் அரும்பும் வியர்வையை அளந்தது. ஏறத்தாழப் பத்தாவது சீட்டிலிருந்தே, கெட்ட கட்டை நோக்கிக் கை நீளும்போதெல்லாம் வியர்வை கூடியது. ‘அந்தக் கட்டு சரியில்லை போலிருக்கிறதே’ என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னது 50ஆவது சீட்டு வாக்கில்தான். ஏன் சரியில்லை என்று விளக்க முடிந்தது 80ஆவது சீட்டு வாக்கில். அறிவுக்குப் புரியும் முன்பே உடம்பு எச்சரித்திருக்கிறது. அந்த மூளைப் பகுதி சேதமானவர்களுக்கோ வியர்வை அரும்பவே இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு கெட்டது என்று கடைசியில் சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு, அதே கட்டிலிருந்து சீட்டு எடுத்தார்கள்.

2001இல் பெக்காரா இதே மேசைக்கு நெடுங்காலம் குடித்தவர்களையும் வேறு போதைப்பொருள் பழகியவர்களையும் அழைத்து வந்தார். ஆடும்போது அவர்கள் யாரும் போதையில் இல்லை; சிகிச்சையில் இருந்து, தெளிந்தவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், நெற்றிப் பகுதி சேதமானவர்கள் ஆடிய விதமாகவே ஆடினார்கள்.

குடியைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பேசுகிறோம். ஒன்று ஒழுக்கம், மற்றொன்று ஈரல். மூளையைப் பற்றிய பேச்சு, ஆள் தள்ளாடும் அந்தச் சில மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. போதை இறங்கிய பிறகும், மறுநாளும், அடுத்த மாதமும் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று அதிகம் கேட்பதில்லை. நீண்ட காலக் குடி குறிவைத்துத் தாக்கும் இடங்களில் முக்கியமானது, ‘இனி குடிக்கக் கூடாது’ என்று முடிவெடுத்து அதில் உறுதியாக நிற்க வேண்டிய இடமேதான். இது தெரிந்தால் ஒரு குடிநோயாளியை நாம் பார்க்கும் விதம் மாறும் என்று நம்புகிறேன்.

பிள்ளையின் தலையில் கைவைத்து, “நாளையிலிருந்து தொடமாட்டேன்” என்று காலையில் சத்தியம் செய்கிறார் ஒருவர். மாலையில் குடித்துவிட்டு வருகிறார். மனைவிக்கு அது பச்சைப் பொய். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் முறை கேட்டவர் அவர். ஆனாலும் சத்தியம் செய்த அந்த நிமிடத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கும். காலையில் எடுத்த முடிவை மாலை வரை மனத்தில் ஏந்தி, கடை வாசலைக் கடக்கும்போது அதை முன்னே கொண்டுவந்து நிறுத்தி, எழும் ஆசையை அடக்குவது, சீட்டாட்டத்தில் பார்த்த அந்த நெற்றிப் பகுதியும் அடங்கிய முன்நெற்றிப் புறணியின் வேலை. சத்தியம் செய்யப் பேச்சு போதும். அதைக் காப்பாற்ற அந்தப் புறணி வேண்டும்.

அங்கே சாராயம் என்ன செய்கிறது? அளவிலிருந்து தொடங்குவோம். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. இங்கே விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியின் வீரியம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் உள்ளே சுமார் 60 கிராம் எத்தனால் இருக்கிறது. 10 கிராம் எத்தனாலை ஒரு ‘டிரிங்க்’ என்று வைக்கும் சர்வதேசக் கணக்கில் இது ஆறு. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 10 மணிக்கு முடித்த குவாட்டர் விடியற்காலை வரை ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எத்தனால் மூலக்கூறில் ஒன்பதே அணுக்கள். நீரில் முழுக்கக் கரையும். செல்களின் கொழுப்புச் சவ்வையும் தாராளமாகக் கடக்கும். மருந்து நிறுவனங்கள் பெரும்பாடுபட்டும் பல மருந்துகளால் தாண்ட முடியாத ரத்த–மூளைத் தடுப்பை இது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. உள்ளே போனதும் முக்கியமாக இரண்டு வேலை பார்க்கிறது. நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. நரம்பணுக்களைக் கிளர்த்தும் குளூட்டமேட்டின் ஏற்பிகளை, குறிப்பாக என்.எம்.டி.ஏ. என்ற வகையை, அடக்குகிறது. இந்த இரண்டாவது செயலை டேவிட் லவிங்கரும் சகாக்களும் 1989இல் தெளிவாகக் காட்டினார்கள். புது நினைவுகளைப் பதிப்பதில் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நேற்றிரவு பேசியதும் சண்டை போட்டதும் காலையில் சுத்தமாக ஞாபகத்தில் இல்லை என்று சிலர் சொல்வது நடிப்பில்லை. அந்த நினைவு பதியவே இல்லை.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாராயம் தினமும் அமைதியை நோக்கி இழுக்கிறது. மறுபக்கம் மூளை காலை ஊன்றி, உடம்பைப் பின்னே சாய்த்து, எதிர்த்து இழுக்கக் கற்றுக்கொள்கிறது. காபா ஏற்பிகளின் வீச்சு குறைகிறது, குளூட்டமேட் ஏற்பிகள் பெருகுகின்றன. முன்பு ஒரு குவாட்டரில் கிடைத்த போதைக்கு இப்போது இரண்டு தேவைப்படுவது இதனால்தான். “எவ்வளவு குடிச்சாலும் நான் ஸ்டெடி” என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது, அவர் மூளை எவ்வளவு தூரம் பின்னே சாய்ந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறார். ஒருநாள் காலையில் சாராயம் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டால் மூளை மல்லாந்து விழுகிறது. அமைதிப்படுத்த ஆளில்லை, கிளர்ச்சியோ உச்சத்தில். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. “ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது” என்ற நிலை இதுதான். அந்தக் காலைக் கட்டிங்கில் சுகம் எதுவும் இல்லை. அவர் குடிப்பது கை நடுங்காமல் சட்டைப் பொத்தான் போடுவதற்கு.

குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வரும்: உடம்பில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் நாடு முழுவதும் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களின் மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்டவர்கள் கூடுதலாக வந்தார்கள். தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த வாரங்கள் காட்டின. மருத்துவமனையில் இதற்குத் தரப்படும் டயஸிபாம், லோராசிபாம் வகை மருந்துகள் அதே காபா ஏற்பிகளில் வேலை செய்து, விழும் மூளையைத் தாங்கிப் பிடித்து, படிப்படியாக இறக்கிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. 1978இல் ஜேம்ஸ் பாலஞ்சரும் ராபர்ட் போஸ்ட்டும் கவனித்துச் சொன்னது: நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இந்தத் தொல்லை முன்பைவிடக் கடுமையாகிக்கொண்டே போகிறது.

ஆசையின் கதை வேறு. மூளையில் டோப்பமைன் சுரந்தால் இன்பம் என்று எளிமையாகச் சொல்லிவிடுவது வழக்கம். உண்மை அதைவிட வியப்பானது. சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோப்பமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாற்றுக்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு மாறியது. சாறு வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு அடங்கிப்போனது. ‘எதிர்பார்த்ததைவிட மேலா, கீழா?’ என்ற கணக்கைத்தான் டோப்பமைன் சொல்கிறது. இயல்பான உணவுக்கும் உறவுக்கும் இந்தக் கணக்கு காலப்போக்கில் சமனாகிவிடும். சாராயமோ தானே வேதிமுறையில் டோப்பமைனைக் கூட்டுவதால், ஒவ்வொரு முறையும் ‘எதிர்பார்த்ததைவிட மேல்’ என்ற பொய்க் கணக்கு எழுதப்படுகிறது. அதோடு வந்த எல்லாமே சமிக்ஞைகளாகிவிடுகின்றன: வேலை முடியும் நேரம், அந்தத் தெருமுனை, குறிப்பிட்ட நண்பரின் போன் அழைப்பு, சம்பளம் கையில் வந்த கணம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993இலிருந்து வலியுறுத்திவருவது, மூளையில் வேண்டுதலும் விரும்புதலும் தனித்தனித் தடங்கள் என்பது. குடியின் ருசியும் சுகமும் ஆண்டுக்காண்டு குறைகின்றன. வேண்டும் என்ற உந்துதல் கூடிக்கொண்டே போகிறது. “எனக்கே பிடிக்கலை, ஆனா கால் தானா அங்கே போகுது” என்று குடிநோயாளிகள் சொல்வதை மருத்துவர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். கால் தானாகப் போவதற்கும் ஓர் இடம் உண்டு. கேம்பிரிட்ஜின் பேரி எவரிட்டும் டிரெவர் ராபின்ஸும் 2005இல் விரிவாக எழுதியது இது: பழக்கம் முற்ற முற்ற, குடியைத் தூண்டும் பொறுப்பு மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற அமைப்பின் அடிப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்கு நகர்கிறது. சைக்கிள் ஓட்டுவதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் யோசிக்காமல் செய்ய வைப்பது அந்த மேற்பகுதி. பலனை எடைபோட்டுச் செய்த செயல், பலனே பாராத பழக்கமாகிறது.

இதுவரை சொன்னது வேதியியல். மூளையின் சதையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். பெர்த்திலும் பின்னர் சிட்னியிலும் நோய்க்கூறு மருத்துவராக இருந்த கிளைவ் ஹார்ப்பர், இறந்துபோன குடிநோயாளிகளின் மூளைகளைப் பொறுமையாக எடை போட்டு, வெட்டி, நுண்ணோக்கியில் நரம்பணுக்களை எண்ணினார். ஜில்லியன் கிரிலும் அவரும் சகாக்களும் 1980களில் வெளியிட்ட முடிவுகளில் என்னை இன்றும் உலுக்குவது ஓர் ஒப்பீடு. கைகால்களை அசைக்கும் இயக்கப் புறணியில் குடிநோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் நரம்பணு எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. முன்நெற்றிப் புறணி அடங்கிய நெற்றிமடலின் மேற்பகுதியிலோ சுமார் 22 சதவீதம் குறைவு. அதாவது நடக்க, பாட்டிலைத் திறக்க வேண்டிய நரம்பணுக்கள் அப்படியே இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நரம்பணுக்கள் போய்விடுகின்றன. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகளாலான வெண்பொருளும் சுருங்கியிருந்தது. நெற்றிமடல் சொல்வது மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பாதை அது.

ஹார்ப்பர் இன்னொன்றையும் கண்டார். அவர் 1979இல் விவரித்த 51 மூளைகளில் வெர்னிக்கே நோயின் தடயங்கள் இருந்தன. உயிரோடு இருக்கும்போது அந்த நோய் கண்டறியப்பட்டது அவர்களில் 7 பேருக்கு மட்டும்.

வெர்னிக்கே நோயின் கதையை நம் ஊர் அடுப்படி வரை கொண்டுவரலாம். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண்கள் சரியாக அசையவில்லை, நடை தள்ளாடியது, மனம் குழம்பியது, மூவரும் இறந்தார்கள். இருவர் பெருங்குடியர்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்துவிட்டு வாந்தியால் அவதிப்பட்ட தையல்காரப் பெண். மூவருக்கும் பொதுவானது, உடம்பில் உணவின் சத்து சேராமை. சில ஆண்டுகளில், 1887 முதல், மாஸ்கோவில் செர்கேய் கோர்ஸக்கோவ் வேறொரு கூட்டத்தை விவரித்தார். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள், சீட்டாடுவார்கள், பழங்கதை சொல்வார்கள். அறையைவிட்டு வெளியே போய்ச் சில நிமிடத்தில் திரும்பி வந்தவரை மட்டும் புது ஆளாக வரவேற்பார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்றால், வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர் சந்தைக்குப் போய்வந்த கதையைச் சரளமாகச் சொல்வார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. நினைவில் இருக்கும் பள்ளத்தை மூளை கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்புகிறது.

இரண்டுக்கும் காரணம் தயமின் என்ற வைட்டமின் பி1 பற்றாக்குறை. குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் முக்கிய நொதிகள் சில பி1 இல்லாமல் இயங்காது. உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் மூளைதான் முதலில் தவிக்கும். உடம்பின் பி1 கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம். இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சாராயம் குடலில் பி1 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, ஈரலில் அது சேமிக்கப்படுவதைக் குறைக்கிறது. போதாக்குறைக்கு, ஊறுகாயோ மாங்காய்த் துண்டோ சைடு டிஷ்ஷாகக் கடித்துவிட்டுச் சோறு உண்ணாமல் படுப்பவருக்குப் பி1 எங்கிருந்து வரும்?

இதே பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்குத் தனி ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்ட ஓர் இடம் நம் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணைப் பிரிவை ஏற்படுத்தினார். ஹைதராபாத்தில் இன்று இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். தீட்டிய பச்சரிசியே முக்கிய உணவாக இருந்த வட சர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி உண்டவர்களை அவ்வளவாக அண்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த பெண்களின் கை மூளையையும் காத்திருக்கிறது. சாராயம் அந்தக் காப்பைக் கலைத்துவிடுகிறது.

எல்லோரும் அறிய வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பல நாள் சாப்பிடாமல் குடித்துச் சோர்ந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் வீட்டார் கேட்பது, “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்.” பி1 கையிருப்பு காலியான மூளைக்கு வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளி பி1-உம் அதை எரிப்பதில் செலவாகி நிலைமை மோசமாகலாம். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு பி1 ஊசியைக் குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ போட்டுவிடுவது மருத்துவ நடைமுறை. அவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்பதை வெட்கப்பட்டு மறைத்தால் இந்த ஊசி தவறிப்போகும். வெர்னிக்கே நிலையிலேயே பி1 கொடுத்துவிட்டால் கண்ணசைவு பெரும்பாலும் விரைவில் சீராகும். தவறவிட்டால் பலர் கோர்ஸக்கோவ் விவரித்த நிலைக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து முழுதாகத் திரும்புபவர்கள் குறைவு. ஹார்ப்பரின் எண்ணிக்கைகள் விவாதிக்கப்பட்டுவந்த ஆஸ்திரேலியா, 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே பிரேதப் பரிசோதனைகளில் இந்த நோய் காணப்படுவது குறைந்தது.

ஒரு நியாயமான கேள்வி எழும். குடித்ததால் நெற்றிமடல் தளர்ந்ததா, தளர்ந்த நெற்றிமடல் உள்ளவர்தான் குடியில் மாட்டினாரா? இரண்டும்தான். 1984இல் நியூயார்க்கில் ஹென்றி பெக்லைட்டர், குடிநோயாளிகளின் மகன்களான, தாங்களே ஒருபோதும் குடித்திராத சிறுவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். புதிதாக ஒன்றைக் கவனிக்கும்போது எழும் ஓர் அலை அவர்களிடம் சிறியதாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகலும் சகாக்களும், குடிநோய்க் குடும்பங்களில் பிறந்து, தாங்கள் இன்னும் அந்நோய்க்கு ஆளாகாத இளைஞர்களின் மூளையை ஸ்கேன் செய்து, சில பகுதிகளில் சாம்பல்பொருள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். ஆக, சிலர் பிறக்கும்போதே சரிவான நிலத்தில் நிற்கிறார்கள். அதன்மேல் வயதும் சேர்கிறது: முன்நெற்றிப் புறணி முழு வளர்ச்சி பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. அமெரிக்கப் பெருங்கணக்கெடுப்பு ஒன்றை அலசிய பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் இருவரும் 1997இல் காட்டியபடி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதில் அல்லது அதற்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்.

‘நான் அளவாகத்தான் குடிக்கிறேன்’ என்பவர்களுக்கும் ஒரு தகவல். பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் 36,678 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்த 2022 ஆய்வில், சராசரியாகத் தினம் ஒன்று இரண்டு யூனிட் குடிப்பவர்களிடமே மூளையின் அளவு சற்றுக் குறைந்திருந்தது. குடி கூடக் கூடக் குறைவும் வேகமெடுத்தது. நம் குவாட்டர் ஒன்றில் அவர்கள் கணக்குப்படி ஏழு யூனிட்டுக்கு மேல் இருக்கிறது.

இவ்வளவையும் படித்தவர் மனம் சோரக் கூடாது. மீட்சிக்கும் இதே அளவு சான்று உண்டு. டொரண்டோவில் பீட்டர் கார்லன் குழு 1978இலேயே, குடியை நிறுத்தியவர்களின் சி.டி. ஸ்கேன்களில் சுருங்கிய மூளை ஓரளவு மீண்டும் நிறைவதைப் பார்த்தது. பிறகு வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் அதையே திரும்பத் திரும்ப உறுதி செய்தன. டிமதி டுராசோ குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், குடிக்காமல் இருந்த சுமார் ஏழு மாதத்தில் புறணியின் பல பகுதிகளில் தடிமன் கூடியது; முதல் மாதத்தில் முன்னேற்றம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருந்தது. போன நரம்பணு திரும்புவதில்லை. சுருங்கிய கிளைகள் மீண்டும் தழைக்கின்றன, இணைப்பு இழைகளின் உறை சீராகிறது.

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் நம் ஆண்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பவர்கள் அவர்களில் பலர். சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே பழைய இடத்துக்குப் போய்விடுபவர்களும் உண்டு. பக்தி போதவில்லை என்று வீட்டில் வருந்துவார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். விரத நாட்களில் விடியலில் குளியல், கருப்பு வேட்டி, தனிச் சாப்பாடு, வழியில் கண்டவரெல்லாம் ‘சாமி’ என்று அழைப்பது, பழைய கூட்டாளி கூடக் குடிக்கக் கூப்பிடாமல் ஒதுங்கிக்கொள்வது என்று முன்நெற்றிப் புறணி செய்ய வேண்டிய வேலையின் பெரும்பங்கை ஊரே எடுத்துச் செய்கிறது. மாலை கழன்றதும் அந்தத் துணை முழுவதும் ஒரே நாளில் விலகிவிடுகிறது. மூளைக்கோ இன்னும் பல மாத வேலை பாக்கி. நாள்தோறும் அதிகம் குடித்துவந்தவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதும் அவசியம். வலிப்புக்கு விரதம் தெரியாது.

நல்ல சிகிச்சையில் முதல் சில மாதங்களை இந்தக் கண்ணோட்டத்தோடுதான் நடத்துகிறார்கள். முதல் வாரங்களில் சொல்வது மனத்தில் தங்காது என்பதால் ஒன்றையே பலமுறை சொல்கிறார்கள், எழுதிக் கொடுக்கிறார்கள். ஏ.டி.எம். கார்டையும் சம்பளத்தையும் கொஞ்ச காலம் குடும்பத்தாரிடம் விடச் சொல்கிறார்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உந்துதலைத் தணிக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த உதவி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடிக்கு மேல். குடிக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுபவர் 38 பேரில் ஒருவர். எஞ்சிய 37 பேரிடமும் நாம் ‘மன உறுதி வேண்டும்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்று ஒரு நாள், அடுத்த 24 மணி நேரம் மட்டும் குடிக்காமல் இரு என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் சொல்லப்படும் வழி. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய இயக்கம் அது. தமிழகத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன. தொடங்கிய அந்த இருவருக்கும் மூளை ஸ்கேன் எதுவும் தெரியாது, ஆனால் எதிர்காலம் சுருங்கிப்போன ஒரு மனத்துக்கு எவ்வளவு தூரத்தில் இலக்கு வைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்தச் சுருக்கத்தை அளக்கவும் முடிகிறது. இன்று கிடைக்கும் சிறு தொகையா, பல மாதம் கழித்துக் கிடைக்கும் பெருந்தொகையா என்று மாற்றி மாற்றிக் கேட்டு, நாளைய பணத்தை ஒருவர் எவ்வளவு குறைத்து மதிக்கிறார் என்று கணக்கிடும் சோதனை அது. நான்சி பெட்ரி 2001இல் மூன்று கூட்டத்தாரிடம் இதைச் செய்தார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாளைய பணத்தை மிக மலிவாக மதித்தார்கள். குடிநோய் இல்லாதவர்கள் அதற்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நிறுத்தியிருந்தவர்களின் மதிப்பு அந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது.